ஒளிக்குப் பணம் கட்டும் முன் பாதத்தைச் சோதியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சர்க்கரை நோயால் மரத்துப்போன பாதங்களில் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி மீண்டும் உணர்ச்சியை வரவழைக்கும் சிகிச்சை வேலூரில் தொடங்கப்பட்டிருப்பதாகத் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் அண்மையில் ஒரு செய்தி வெளியாகியிருந்தது. அறுவை வேண்டாம், மாத்திரை வேண்டாம், பக்க விளைவு இல்லை, சில வாரங்களிலேயே நரம்புக்கு உயிர் வந்துவிடும் என்றெல்லாம் அதில் எழுதப்பட்டிருந்தது. முடிவில் ஒரு கைப்பேசி எண்ணும், முன்பணம் கட்டுவோருக்கு உள்ள சலுகையும் தரப்பட்டிருந்தன. இவற்றைப் பார்த்தாலே அது எப்படிப்பட்ட செய்தி என்பது விளங்கும் என்றாலும், ‘விளம்பரம்’ என்ற சொல் அந்தப் பக்கத்தில் எங்கும் காணப்படவில்லை. தங்கள் இதழில் அச்சாகி வந்ததாலேயே அதை உண்மையென்று நம்பி, எங்கள் தெருவிலும் சுற்றுவட்டாரத்திலும் பலர் அந்த நிலையத்துக்குப் போகலாமா என்று என்னிடம் கேட்டு வருகிறார்கள். அவர்களுக்கு வாய்மொழியாகச் சொன்னதை விரிவாக எழுதி அனுப்புவது என் கடமை என்று கருதியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் இயன்முறை மருத்துவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவள். என் பணிக்காலத்தின் பெரும்பகுதி, உணர்ச்சி இழந்த கால்களோடு வந்தவர்களிடையேதான் கழிந்தது. மின்சாரம், வெப்பம், ஒலி அலை, ஒளி ஆகியவற்றைக்கொண்டு வலியைத் தணிக்கும் கருவிகளை நாள்தோறும் கையாண்டவள் என்பதால், ஒளிச் சிகிச்சை என்ற பெயரைக் கேட்டதும் முகம் சுளிப்பவள் அல்ல. ஒரு கருவி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் நோயாளியிடம் பணம் வாங்குவதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நீண்ட காலம் இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருக்கும்போது நரம்பிழைகளும், அவற்றுக்கு இரத்தம் கொண்டு செல்லும் நுண்ணிய குழாய்களும் ஒருசேரக் கெடுகின்றன. உடலிலேயே மிக நீளமான நரம்பிழைகள் இடுப்பிலிருந்து கால்விரல் நுனிவரை ஏறத்தாழ ஒரு மீட்டர் தூரம் ஓடுபவை என்பதால் பாதிப்பு முதலில் விரல் நுனியில் தொடங்கி, காலுறை போட்ட அளவுக்கு மெல்ல மேலேறுகிறது. சிலருக்கு இது எரிச்சலாகவும் ஊசி குத்துவது போன்ற வலியாகவும் வெளிப்படுகிறது. இரவில் போர்வை பட்டாலும் தாங்காமல், ஈரத் துண்டைக் காலில் சுற்றிக்கொண்டு மின்விசிறியின் கீழ் உட்கார்ந்தபடியே விடியவைப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வேறு சிலருக்கு எந்த வலியும் இருப்பதில்லை. “பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்குது”, “செருப்பு கழண்டு போனதே தெரியல, வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்” என்று சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். வலியோடு வருகிறவர் மருத்துவரைத் தேடி வந்துவிடுகிறார். வலியில்லாதவர் புண் வந்த பிறகே வருகிறார். ஆகவே இரண்டாவது வகையினரைப் பற்றியே எனக்குக் கவலை அதிகம்.

இனி அந்த ஒளிக்கு வருகிறேன். இந்தச் சிகிச்சையில் பயன்படுவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளி. மிகுதியாக ஆராயப்பட்ட கருவியில் அதன் அலைநீளம் 890 நானோமீட்டர். சிறு சிறு டையோடுகள் பதித்த பட்டைகளைப் பாதத்திலும் கணுக்காலிலும் கட்டி, அரைமணி நேரம் அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலாக வைத்திருப்பார்கள். ஒளி பட்ட இடத்தில் நைட்ரிக் ஆக்சைடு வெளிப்பட்டு இரத்தக் குழாய்கள் விரிகின்றன, அதனால் நரம்புக்குக் கூடுதல் இரத்தம் கிடைக்கிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். குறைந்த ஆற்றல் கொண்ட லேசரையும் இதே நோக்கத்தில் பயன்படுத்துகிறார்கள். 1967-ஆம் ஆண்டு ஹங்கேரி நாட்டு மருத்துவர் எண்ட்ரே மெஸ்டர், லேசர் பட்ட எலிகளின் தோலில் முடி விரைவாக வளர்வதைக் கண்டதிலிருந்து இத்துறை வளர்ந்து வந்திருக்கிறது. உயிரணுக்கள் ஒளிக்கு எதிர்வினை காட்டுகின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆய்வுக்கூடத்தில் ஓர் உயிரணு காட்டும் எதிர்வினைக்கும், பதினைந்து ஆண்டுகள் சர்க்கரையால் அரிக்கப்பட்ட நரம்பு மீண்டும் உணர்வதற்கும் இடையே நெடுந்தூரம் இருக்கிறது.

அந்தத் தூரத்தைக் கடக்க முடிந்ததா என்று அமெரிக்காவில் முறையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2004-இல் 27 நோயாளிகளைக்கொண்டு நடத்தப்பட்ட ஓர் ஆய்வில் உணர்ச்சி மேம்பட்டதாகவும் வலி குறைந்ததாகவும் முடிவு வெளியானது; விற்பனையாளர்கள் இன்றுவரை எடுத்துக்காட்டுவது இதைத்தான். அந்த ஆய்விலேயே, உணர்ச்சியைப் பெருமளவு இழந்திருந்த சிலரிடம் அந்த முன்னேற்றம் தென்படவில்லை என்பதை அவர்கள் எடுத்துச் சொல்வதில்லை. மறு ஆண்டே, 39 பேரைக்கொண்டு வேறொரு குழு சோதித்தது. பாதிப் பேருக்கு உண்மையான ஒளியும், மீதிப் பேருக்கு ஒளி வராத, ஆனால் தோற்றத்தில் அதைப் போன்ற பட்டைகளும் வைக்கப்பட்டன. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, சோதிப்பவருக்கும் தெரியாது. நான்கு வாரச் சிகிச்சைக்குப் பிறகு இரு சாராருக்குமே உணர்ச்சி கூடியிருந்தது. இரு சாராருக்கும் இடையே வேறுபாடு இல்லை. 2008-இல் 69 பேரைக்கொண்டு நடந்த ஆய்வு இன்னும் நீண்டது. நோயாளிகள் தங்கள் வீட்டிலேயே நாளொன்றுக்கு 40 நிமிடம் வீதம் 90 நாட்கள் கருவியைப் பயன்படுத்தினார்கள். நைலான் இழையால் தொட்டு உணர்ச்சியை அளக்கும் சோதனை, அதிர்வுச் சோதனை, நரம்பின் வழியே மின்துடிப்பு செல்லும் வேகம், வாழ்க்கைத் தரம் ஆகிய எல்லாவற்றையும் அளந்து பார்த்தும் மெய்க் கருவிக்கும் பொய்க் கருவிக்கும் இடையே வேறுபாடு காணப்படவில்லை. கனடாவின் டொரண்டோவில் வலியுடன் கூடிய நரம்புப் பாதிப்பு உள்ள 50 பேருக்குக் குறைந்த ஆற்றல் லேசரைக் கொடுத்துப் பார்த்தவர்களும், இதைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றே 2004-இல் எழுதினார்கள். அதுவரை வெளியாகியிருந்த ஆய்வுகளைப் பரிசீலித்த அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், நரம்புப் பாதிப்புக்கான அகச்சிவப்புக் கருவிகளுக்கு இனிப் பணம் தருவதில்லை என்று 2006 அக்டோபரில் முடிவு செய்தது. அங்கே காப்பீட்டிலிருந்து நீக்கப்பட்டு இத்தனை ஆண்டுகள் ஆன ஒன்று, இங்கே புதிய கண்டுபிடிப்பு என்ற பெயரில் அச்சேறுகிறது.

பொய்ப் பட்டை கட்டியவர்களுக்கும் எப்படி உணர்ச்சி கூடியது என்று வாசகர்கள் கேட்கக்கூடும். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நினைப்பது தவறு. வாரத்துக்குச் சில முறை ஒருவர் அருகில் அமர்ந்து நம் காலைத் தொட்டுப் பார்த்து அக்கறையாக விசாரிக்கும்போது, நாமும் காலைக் கழுவித் துடைத்துக் கவனிக்கத் தொடங்குகிறோம், மாத்திரையைத் தவறாமல் போடுகிறோம், சாப்பாட்டிலும் சற்றுக் கட்டுப்பாடு வருகிறது. சோதனைக்கு உட்காரும்போது முன்பைவிடக் கூர்ந்து கவனிக்கிறோம். எரிச்சலோ இயல்பாகவே ஏறி இறங்கும் தன்மை உடையது. அது உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர்கள் சிகிச்சையைத் தேடி ஓடுகிறார்கள் என்பதால், அதன் பிறகு எதைச் செய்தாலும் சற்றுக் குறைந்தது போலவே தோன்றும். “எனக்குக் கேட்டுது” என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது மனமறிந்து சொல்லும் உண்மையாகவே இருக்கலாம். அந்த நன்மை ஒளியால்தான் வந்தது என்பதற்கு அது சான்றாகாது.

இதில் இன்னோர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. இதை வாசகர்கள் குறிப்பாக மனத்தில் கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். நரம்பு மேலும் மேலும் கெட்டு முழுவதும் செயலிழக்கும்போதும் எரிச்சல் நின்றுவிடும். எரிச்சல் நின்றதைக் குணம் என்று எண்ணி நிம்மதியடையும் நோயாளி, தன் பாதம் மிக ஆபத்தான நிலைக்கு வந்திருப்பதை அறியமாட்டார். எரிச்சல் குறைந்ததா என்று மட்டும் கேட்டு, உணர்ச்சியை அளந்து பார்க்காத எந்த நிலையமும் இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது. இதற்கு நேர்மாறாக, பல மாதங்கள் ஏறிக்கிடந்த சர்க்கரையை இன்சுலின் கொண்டு மிக விரைவாக இறக்கும்போது சிலருக்குச் சில காலம் எரிச்சல் கடுமையாகக் கூடுவதும் உண்டு. “இன்சுலின் போட்டதாலதான் கால் எரியுது” என்று ஊசியையே நிறுத்திவிட்டு இதுபோன்ற நிலையங்களுக்குப் போனவர்களை நான் அறிவேன். மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் மருந்தின் அளவைத் திருத்தி, எரிச்சலுக்கும் வழி சொல்லியிருப்பார்.

பக்க விளைவு இல்லை என்ற வாசகத்தையும் நான் மறுக்க வேண்டியிருக்கிறது. ஒளி தானாகத் தீங்கு செய்யாவிட்டாலும், தோலோடு ஒட்டிக் கட்டப்படும் எந்தக் கருவியும் சூடேறக்கூடும். உணர்ச்சி உள்ளவர் சுட்டால் காலை இழுத்துக்கொள்வார். மரத்த பாதம் இழுத்துக்கொள்ளாது. எங்கள் துறையில் முதல் ஆண்டு மாணவருக்கே சொல்லித்தரப்படும் விதி, உணர்ச்சியற்ற தோலுக்கு வெப்பச் சிகிச்சை கொடுக்கக் கூடாது என்பது. கால் வலிக்கிறதென்று வெந்நீரில் உப்புப் போட்டுப் பாதத்தை வைத்து, எடுக்கும்போது தோல் உரிந்து வந்த நிகழ்ச்சிகள் நம் ஊர் மருத்துவமனைகளில் இன்றும் நடக்கின்றன. மலிவு விலையில் இணையத்தில் கிடைக்கும் அகச்சிவப்பு விளக்குகளை வாங்கி வீட்டிலேயே காலில் காட்டும் பழக்கமும் பரவி வருவதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இத்தனையும் வேறு ஊரில் நடந்தால்கூட இவ்வளவு வருந்தமாட்டேன். உணர்ச்சியற்ற பாதத்தை எப்படிக் காப்பாற்றுவது என்பதை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த ஊர்களில் ஒன்று வேலூர். கொல்லிமலையில் 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோய் விரலையும் பாதத்தையும் தின்றுவிடுகிறது என்று மருத்துவ உலகமே நம்பியிருந்த காலம் அது. அவர் நோயாளிகளோடு பழகி, அவர்கள் வேலை செய்யும்போதும் தூங்கும்போதும் என்ன நடக்கிறது என்று கவனித்தார். வலி தெரியாததால் அவர்கள் சூடான பாத்திரத்தைப் பிடித்தார்கள், புண்ணோடு நடந்தார்கள், இரவில் எலி கடித்தும் விழிக்கவில்லை. எலியை விரட்ட நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார் என்பது இங்கே மூத்தவர்கள் பலரும் அறிந்த செய்தி. வலியை இழந்ததால் திரும்பத் திரும்ப ஏற்படும் காயமே உறுப்புகளை அழிக்கிறது என்று அவர் நிறுவினார். காட்பாடிக்கு அருகே 1955-இல் தொடங்கப்பட்ட கரிகிரி தொழுநோய் மையத்திலும் இந்த வழியில் பணி தொடர்ந்தது. மென்மையான நுண்துளை ரப்பரைக்கொண்டு பாதத்தின் அழுத்தத்தைப் பரவச் செய்யும் செருப்பு, நம் மக்கள் எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று சொல்லும் அது, இந்த மண்ணில் உருவான முயற்சிகளின் பயன். 1966-இல் பிராண்ட் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள கார்வில் மருத்துவமனைக்குச் சென்றபோது, பாதத்தின் வடிவத்தோடு ஒட்டிப் போடும் மாவுக்கட்டு முறையையும் உடன் கொண்டுபோனார். அங்கே சர்க்கரை நோயாளிகளின் ஆறாத பாதப் புண்களுக்கு அது பயன்பட்டு, இன்று உலகம் முழுவதும் தரமான சிகிச்சையாக ஏற்கப்பட்டிருக்கிறது. தொழுநோயாளியின் காலில் கற்ற பாடம் சர்க்கரை நோயாளியின் காலைக் காப்பாற்றியது. அந்தப் பாடம் பிறந்த ஊரில், இழந்த உணர்ச்சியை விலைக்கு வாங்கலாம் என்று மக்கள் வரிசையில் நிற்பது எனக்கு மிகுந்த வேதனையைத் தருகிறது.

உணர்ச்சியை அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஒரு கைப்பிடியில் பொருத்திய நைலான் இழை போதும். அதைத் தோலில் செங்குத்தாக வைத்து அழுத்தும்போது 10 கிராம் விசையில் வளைந்து கொடுக்கும். நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பெருவிரலின் அடிப்பகுதி, விரல்களுக்குக் கீழே நடக்கும்போது அழுந்தும் மேடுகள் என ஒவ்வோர் இடமாகத் தொட வேண்டும். காய்த்துப்போன தோலின் மேல் தொடக் கூடாது. “தெரியுது… தெரியுது…” என்று சொல்லிக்கொண்டே வருபவர் ஓரிடத்தில் மௌனமாகிவிடுவார். இழை வளைந்து நிற்கும்; அவரோ அடுத்த தொடுதலுக்காகக் காத்திருப்பார். அந்த இடத்தில்தான் பின்னாளில் புண் வரும் வாய்ப்பு மிகுதி. இதனுடன் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையால் அதிர்வு தெரிகிறதா என்று பார்த்து, பாதத்தின் மேற்புறத்திலும் கணுக்காலின் உட்புறத்திலும் நாடியைத் தொட்டுப் பார்த்து, விரலிடுக்கை விரித்துப் பார்த்தால் சோதனை முடிந்துவிடும். ஐந்து நிமிடம்கூட ஆகாது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ள எவருக்கும் நோய் தெரியவந்த உடனேயும், அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறையாவதும் இதைச் செய்ய வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட நடைமுறை.

பேரணாம்பட்டுப் பகுதியிலிருந்து வந்த, பீடி சுற்றும் தொழில் செய்யும் ஒரு பெண்மணியை இங்கே நினைவுகூர வேண்டும். காலில் வீக்கம் என்று வந்தவரின் இரண்டாம் விரலில் மெட்டி சதைக்குள் புதைந்து, அதன் அடியில் நீர் கோத்திருந்தது. மெட்டியைச் சுற்றியிருந்த தோல் வெளுத்து, ஓரத்தில் கருக்கத் தொடங்கியிருந்தது. “இறுக்கமா இருக்கறதே தெரியலீங்க மேடம், பூஜைக்குக் கால்ல மஞ்சள் பூசும்போது பேத்திதான் பார்த்துச் சொன்னா” என்றார். மெட்டியை வெட்டி எடுத்து, புண்ணைக் கவனித்து, விரல் பிழைத்தது. அவர் கணவர் எந்த நிலையத்திலாவது கரண்டு வைத்தால் சரியாகுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த விரலைக் காப்பாற்றியது பேத்தியின் கண்தான். நாள்தோறும் பாதத்தைப் பார்ப்பது, குனிய முடியாதவர்கள் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்ப்பது, பார்வை மங்கியவர்களுக்கு வீட்டில் உள்ளவர்கள் பார்ப்பது என்ற எளிய பழக்கத்துக்கு ஈடாக எந்த ஒளிக் கருவியையும் என்னால் சொல்ல முடியாது. சர்க்கரை நோயாளிகளில் ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை வாழ்நாளில் எப்போதாவது பாதப் புண்ணுக்கு ஆளாகிறார்கள் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. காலை எடுக்க நேர்ந்தவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோருக்கு அதற்கு முன் ஒரு புண் இருந்திருக்கிறது. அந்தப் புண் வராமல் தடுப்பதிலேயே எல்லாம் அடங்கியிருக்கிறது.

மரத்துப்போன காலெல்லாம் சர்க்கரையால் மரத்தது என்று முடிவு கட்டுவதும் சரியல்ல. பல ஆண்டுகள் மெட்ஃபார்மின் மாத்திரை எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி-12 குறையக்கூடும். அந்தக் குறையாலும் கால் மரக்கும், அதை இரத்தச் சோதனையில் கண்டுபிடித்துச் சரிசெய்யவும் முடியும். தைராய்டு, சிறுநீரகக் கோளாறு, மது ஆகியவையும் காரணமாகலாம். நம் வட ஆர்க்காட்டுப் பகுதியில் தொழுநோயையும் மறந்துவிடக் கூடாது. தோலில் வெளிறிய, உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் உடனே அரசு மருத்துவமனையில் காட்ட வேண்டும், அதற்குரிய மருந்து இலவசமாகவே கிடைக்கிறது. காரணம் எதுவென்று பார்க்காமலேயே எல்லாருக்கும் ஒரே பட்டையைக் கட்டும் நிலையத்தில், குணப்படுத்தக்கூடிய நோயும் நாள் கடந்து முற்றிவிடும்.

எரிச்சலால் தூக்கம் கெட்டவர்களின் துன்பத்தை நான் சிறிதாக்கவில்லை. டுலோக்செட்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரைகள் வலியைக் குறைக்கும் என்பது நன்கு சோதிக்கப்பட்டிருக்கிறது. இவையும் நரம்பைப் புதுப்பிப்பவை அல்ல. தலைசுற்றல், தூக்கக் கலக்கம் போன்ற தொல்லைகளும் உண்டு, ஆகையால் மருத்துவர் அளவு பார்த்துத்தான் தர வேண்டும். முதல் வகைச் சர்க்கரை நோயாளிகளிடம் சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியதால் நரம்புப் பாதிப்பு 60 விழுக்காடு குறைந்ததை 1993-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டியது. இரண்டாம் வகையில் பலன் அவ்வளவு பெரிதல்ல என்றாலும், பாதிப்பு மேலும் வளராமல் பிடித்து நிறுத்த அதுவே முதல் வழி.

காலணியைப் பற்றிச் சொல்லாமல் இக்கடிதத்தை முடிக்க முடியாது. அக்கினி நட்சத்திர வெயிலில் வேலூரின் தார்ச்சாலையும் கோயில் கருங்கல் தளமும் எப்படிக் கொதிக்கும் என்பதை நாம் அறிவோம். அந்தத் தளத்தில் வெறுங்காலோடு நடந்து, உள்ளங்கால் முழுவதும் கொப்புளத்தோடு மறுநாள் மருத்துவமனைக்கு வருபவர்கள் ஒவ்வொரு கோடையிலும் இருக்கிறார்கள். திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம், சோளிங்கரில் 1,305 படிகள் என்று வேண்டிக்கொண்டு செல்பவர்களின் பக்தியை நான் மதிக்கிறேன், நானும் செல்பவள்தான். உணர்ச்சி இழந்த பாதம் உள்ளவர்கள் வெயில் ஏறும் முன்போ இரவிலோ செல்லட்டும், தடித்த காலுறையாவது அணியட்டும், திரும்பியதும் இரு பாதங்களையும் நல்ல வெளிச்சத்தில் பார்க்கட்டும். கோயில் நிர்வாகங்கள் சுற்றுப்பாதையில் தேங்காய் நார் விரிப்பைத் தடையின்றி விரித்து நீர் தெளித்து வைத்தால் எத்தனையோ பாதங்கள் தப்பும்.

விரலிடுக்கில் வார் கோத்த ரப்பர் செருப்பு இவர்களுக்கு ஏற்றதல்ல. அது கழன்றாலும் தெரியாது, இடுக்கை அறுத்தாலும் தெரியாது. உள்ளே மென்மையான எம்.சி.ஆர். பதித்து, அடியில் முள்ளும் ஆணியும் ஏறாத கடினமான ரப்பர் வைத்து, குதிகாலுக்குப் பின்னால் வார் கொண்டு, ஆணியே அடிக்காமல் ஒட்டியும் தைத்தும் செய்த செருப்பு வேண்டும். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் தோல் பதனிட்டு, வெளிநாட்டுக்கெல்லாம் காலணி செய்து அனுப்பும் கைகள் இருக்கின்றன. அந்தத் தொழிலாளர்களிலேயே எத்தனையோ பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அவர்கள் தமக்குத் தேவையான செருப்பைத் தேடி எங்கெங்கோ அலைய வேண்டியிருப்பது வியப்பாக இருக்கிறது. வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட ஆட்சியர்கள் மூவரும் காலணி உற்பத்தியாளர்களை அழைத்துப் பேசி, அரசு மருத்துவமனைகள் வழியாக இத்தகைய செருப்புகளைக் குறைந்த விலையில் கிடைக்கச் செய்ய முடியும் என்று உறுதியாக நம்புகிறேன்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடிச் சென்று சர்க்கரை மாத்திரை தரும் ஊழியர்களின் பையில் அந்த நைலான் இழையும் இடம்பெற வேண்டும். ‘பாதம் பாதுகாப்போம்’ என்ற பெயரில் அரசு முன்னெடுத்திருக்கும் பணி, குடியாத்தத்திலும் அணைக்கட்டிலும் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்கள்வரை வாரந்தவறாமல் நடைபெற வேண்டும். மாத்திரை வாங்க வரும் ஒவ்வொருவரையும் செருப்பைக் கழற்றச் சொல்லி இரு பாதங்களையும் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஒளியைப் பற்றிய ஆராய்ச்சி தொடரட்டும். வேறு அலைநீளத்தில், வேறு அளவில், புண்ணை ஆற்றுவதற்கு என்று பல கோணங்களில் ஆய்வுகள் நடந்து வருகின்றன. நாளை நல்ல முடிவு வந்தால் நானே முதலில் மகிழ்வேன். ஆனால் ஆய்வுநிலையில் இருக்கும் ஒன்றுக்கு நோயாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கட்டணம் வாங்கும் நிலையங்களிடம் வாசகர்கள் சில கேள்விகளைத் தயங்காமல் கேட்க வேண்டும்: சிகிச்சைக்கு முன்னும் பின்னும் என் உணர்ச்சியை அளந்து எழுதித் தருவீர்களா, என் பி-12 அளவைப் பார்த்தீர்களா, பலன் இல்லையென்றால் எப்போது நிறுத்துவீர்கள், என் காலில் கொப்புளம் வந்தால் யார் பொறுப்பு? எழுத்தில் பதில் தர மறுக்கும் இடத்தில் முன்பணம் கட்ட வேண்டாம்.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக மருந்துகளை விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட மருந்துகள், மாய நிவாரணங்கள் குறித்த ஆட்சேபகரமான விளம்பரங்கள் சட்டம் தடை செய்கிறது. 2020 ஏப்ரல் முதல் மருத்துவக் கருவிகளும் மருந்துகளுக்குரிய சட்ட வரம்புக்குள் கொண்டுவரப்பட்டிருக்கின்றன. சட்டத்தின் நுணுக்கம் எதுவாயினும், பணம் பெற்று வெளியிடுவதை விளம்பரம் என்று குறிப்பிட்டு அச்சிடுவது வாசகருக்குச் செய்ய வேண்டிய குறைந்தபட்ச நேர்மை. இந்த மாவட்டத்தில் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் உரக்கப் படித்துக் காட்டும் பத்திரிகை தங்களுடையது. அதில் வந்த ஒரு வரியை நம்பித் தாலிக்கொடியை அடகு வைக்கக்கூடியவர்கள் இங்கே உண்டு. அந்தச் செய்தியில் சொல்லப்பட்ட ஒவ்வொரு கூற்றுக்கும் ஆதாரம் என்ன என்று அந்த நிலையத்தாரிடம் கேட்டு, அவர்கள் தரும் பதிலையும் அரசு மருத்துவக் கல்லூரி நரம்பியல் மருத்துவர் ஒருவரின் கருத்தையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இக்கடிதத்தை ஆசிரியர் பக்கத்தில் அல்லாமல், அச்செய்தி வந்த அதே வேலூர் மாவட்டப் பக்கத்தில் வெளியிட்டால், முன்பதிவு செய்யக் காத்திருப்பவர்களின் கண்ணில் படும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயன்முறை மருத்துவர்,
காட்பாடி.